இறக்கம் இருக்கோ?

ராக்காயி முதன்முதலாகத் தனியே பஸ் ஏறிய அன்று, ஏறப் பட்ட பாட்டைவிட இறங்கப் பட்ட பாடுதான் பெரிது.

எழுபத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம். கிளிநொச்சிச் சந்தையில் ஒரு மண்வெட்டியும் அரைச் சாக்கு அரிசியும் வாங்கிக்கொண்டு, முல்லைத்தீவுக்குப் போகும் அரசாங்கத்துச் சிவப்புச் சீரீபி பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். உள்ளே ஒற்றைக் காலை ஊன்றவும் இடமில்லை. பரந்தன் கழிந்தது. கண்டாவளைக்குத் திரும்பும் சந்தி கழிந்தது. தர்மபுரத்தில் பாதிச் சனம் இறங்க, அதைவிடக் கூடுதலான சனம் ஏறியது. அதற்கப்பால் இரண்டு பக்கமும் காடும், காடு வெட்டிச் சுட்ட கரும்புழுதியும்தான். பின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த நடத்துநர் அல்பேர்ட், தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்டான்.

"இறக்கம் இருக்கோ? இறக்கம்?"

ராக்காயி மலைநாட்டுக்காரி. மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, வளர்ந்து, கொழுந்து பறித்தவள். அங்கே இறக்கம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: ரோட்டு சரிந்து கீழே போவது. அப்படியான இடத்தில் சாரதி கவனமாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ் பள்ளத்தில்தான் போய் நிற்கும். பஸ்ஸிலிருந்து இறங்கப்போகிற ஆட்களைத்தான் வன்னியில் இறக்கம் என்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பாவம், இந்த மனிதருக்கு ரோட்டுத் தெரியாதாக்கும் என்று நினைத்தாள். கேட்ட மனிதருக்கு ஒருவரும் பதில் சொல்லாதது மரியாதைக் குறைவாகவும் பட்டது. குனிந்து ஜன்னலால் பார்த்தாள்.

"எறக்கமும் இல்ல, ஏத்தமும் இல்லைங்க. எல்லாம் சமதரையாத்தான் கெடக்கு. பயப்படாமப் போங்க."

அல்பேர்ட் ஒரு கணம் முழித்தான். பிறகு மணிக் கயிற்றை இரண்டு தரம் இழுத்துச் சாரதிக்குக் கத்தினான்.

"றைற்! அண்ணை, சமதரையாம்! பயப்பிடாமப் போகட்டாம்!"

பஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் ராக்காயியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து வெளியே பார்த்தால், அவர்களுடைய குடியேற்றத்துக்குத் திரும்பும் ஒழுங்கையின் வாயில் நிற்கிற சாய்ந்த பாலைமரம் பின்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நம்ம எடம்!"

"அம்மா, இறக்கம் இருக்கோ எண்டு தொண்டை கிழியக் கேட்டனானெல்லோ!"

விசுவமடுவில்தான் இறக்கிவிட்டான். அங்கிருந்து திரும்பி நடந்தாள். மண்வெட்டி தோளில், அரிசிச் சாக்கு தலையில். வெயில் உச்சியில் நின்றது. பஸ் சிரித்தது அவளைச் சுடவில்லை. தலையில் இருந்த சாக்குத்தான் சுட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. ராக்காயியின் உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு மயிர் முளைக்காத தடம் ஒன்று உண்டு. கொழுந்துக் கூடையின் கயிறு இழுத்து இழுத்துப் போட்ட தடம். சிறுமியாய் இருந்த நாள் முதல் அந்தக் கயிற்றில்தான் மலையை ஏறியிறங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குச் சுமந்தாள். எழுபத்தேழு ஆவணியில் தமிழருக்கு எதிராக எழுந்த கலவரத்தில், குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது அவளும் கணவன் பழனியாண்டியும் உடுத்த துணியோடு வெளிக்கிட்டு, முகாமில் கிடந்து, கடைசியில் லொறியில் வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். காட்டு ஓரத்தில் ஆளுக்கொரு துண்டு நிலம் கிடைத்தது. குடியிருக்கக் கொட்டில் போட்ட அன்று அவள் பழனியாண்டியிடம் சொன்னாள்.

"இந்தாங்க, கேட்டுக்கங்க. இனிமே இந்தத் தல யாருக்கும் எதையும் சொமக்காது."

"அப்போ யாரு சொமப்பா? நானா?"

"நீங்க உங்களையே சொமக்க மாட்டாம நிக்கிறீங்க. பஸ்ஸு சொமக்கும். அதான் தரையா இருக்கே, உருண்டு வரட்டும்."

இப்போது விசுவமடுவிலிருந்து சாக்கோடு வந்து சேர்ந்தவளைப் பழனியாண்டி ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன புள்ள, பஸ்ஸு சொமக்கலையா?"

ராக்காயி சாக்கைப் பொத்தென்று போட்டாள். "சொமக்க வைக்கிறேன் பாருங்க" என்றாள்.

*

சொல்வது எளிது. குடியேற்றத்து நிலம் நல்ல நிலம். கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில். அடுத்த போகத்துக்குள் கத்தரியும் வெண்டியும் மிளகாயும் காய்த்துக் கொட்டின. ஆனால் விடிந்து வெயில் ஏறுமுன் கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்ச் சேராத வெண்டியை மாடுதான் தின்னும். பஸ் தர்மபுரத்தில் நிற்கும்; அதை விட்டால் விசுவமடுவில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில், காய்கறிச் சாக்குகளோடு பாலைமரத்தடியில் நிற்கிற இவர்களுக்கு நிற்காது. மரக்கறியைத் தர்மபுரம் வரை தலையில் கொண்டுபோக வேண்டும். சைக்கிள் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் தங்கள் சாக்கைக் கட்டினால் மற்றவர்களுக்கு இடமில்லை.

ராக்காயி ஒவ்வொரு விடியற்காலையும் பாலைமரத்தடியில் நின்று கையைக் காட்டினாள். முல்லைத்தீவிலிருந்து வரும் சிவப்பு பஸ் ஒவ்வொரு விடியற்காலையும் அவளைக் கடந்து போனது. மிதிபலகையிலிருந்து அல்பேர்ட் கத்திக்கொண்டு போவான்.

"இறக்கமுமில்லை, ஏத்தமுமில்லை அக்கா! சமதரை!"

அவன் கெட்டவனல்ல. முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை இழுக்கிற குடும்பம். வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். ஒரு நாள் தர்மபுரத்தில் அவனை மறித்து நேரே கேட்டாள்.

"ஏன் தம்பி, ஒரு நிமிசம் நின்னா ஒங்க பஸ்ஸு தேஞ்சு போயிருமா?"

"பஸ் தேயாது அக்கா, என்ரை வேலைதான் தேயும். அது எங்கடை தரிப்பிடம் இல்லை. பேருமில்லாத இடத்திலை நிப்பாட்டினா எந்த ஊருக்கு எண்டு நான் ரிக்கற் கிழிக்கிறது?"

"அப்போ பேரு வையுங்க."

"வைச்சாச்சே! பஸ்ஸிலை எல்லாரும் இப்ப அந்த இடத்துக்கு என்ன பேர் சொல்லுகினம் தெரியுமோ? இறக்கம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்துக் கொட்டில் தங்கம்மா, ராக்காயியோடு ஒரே தோட்டத்திலிருந்து வந்தவள், அழுதேவிட்டாள்.

"யக்கா, ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும். பேரு வந்திருச்சில்ல? இனி பஸ்ஸு வரணும்."

*

எழுபத்தொன்பதில் அரசாங்கம் தனியார் பஸ்களுக்கு வழியைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்குள் பரந்தன் - முல்லைத்தீவு ரோட்டில் சிவப்பு பஸ்ஸோடு வேறு வண்டிகளும் ஓடத் தொடங்கின. கண்டாவளையில் வயல் செய்துகொண்டிருந்த வீரபாகு, உழவு மெசினை விற்று ஒரு நீல மினி பஸ் வாங்கினான். மெசின் ஓட்டிய கை. பஸ்ஸையும் சேற்றுக்குள் இறக்குகிறவன் மாதிரியே ஓட்டினான். அவனுக்குப் போட்டியாக வந்தவன் முல்லைத்தீவு அந்தோனிமுத்து. அவன் முதலில் தட்டி வான் வைத்திருந்தான்: பலகை உடம்பு, பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டி, அந்தத் தட்டியில் மீன் பெட்டி. வீரபாகுவின் பஸ்ஸைக் கண்டதும் வானை விற்று அவனும் ஒரு மஞ்சள் மினி பஸ் எடுத்தான். பஸ் புதிதுதான்; மீன் மணம் பழசு. அது கடைசி வரை போகவில்லை.

இரண்டும் விடியற்காலையில் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். முன்னுக்குப் போகிறவனுக்குத்தான் சனம். பின்னுக்கு வருகிறவன் ஆள் இருக்காத வெறும் கதிரைகளைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப் போகவேண்டியதுதான். ஆகவே ராக்காயியின் கையை அவர்களும் காணவில்லை. சாக்கு ஏற்ற நின்றால் எதிரி கடந்து போய்விடுவான்.

ஒரு நாள் காலை நீல பஸ் பாலைமரத்தடியில் வேகத்தைக் குறைத்தது. ராக்காயி சாக்கின் காதைப் பிடித்துத் தூக்கினாள். வீரபாகு ஜன்னலால் தலையை நீட்டினான்.

"அக்கா, அந்தோனி முன்னுக்குப் போட்டானோ?"

"என்னத்தப் போட்டாரு?"

"ஐயோ, போயிட்டானோ எண்டு கேக்கிறன்! மஞ்சள் பஸ்!"

"ஆங், போயிட்டாரு. இப்பத்தான்."

அவ்வளவுதான். பஸ் பறந்தது. ராக்காயி தூக்கிய சாக்கோடும் வாய்க்குள் புழுதியோடும் நின்றாள். தங்கம்மா திட்டத் தொடங்கினாள். ராக்காயி திட்டவில்லை. தூக்கிய சாக்கை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து யோசித்தாள்.

"தங்கம்மா, அவரு நம்மளுக்காக நிக்க மாட்டாரு. ஆனா ஒரு சொல்லுக்காகக் கொறைச்சாரு பாத்தியா? அந்தச் சொல்லு என் வாயிலதான இருக்கு."

மறுநாள் குடியேற்றத்து ஆட்கள் எல்லோரையும் சாக்குகளோடு மரத்தடிக்கு வரச் சொன்னாள். நீல பஸ் வந்தது, வேகம் குறைந்தது.

"அக்கா, அந்தோனி?"

ராக்காயி வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டிப் பஸ்ஸின் சக்கரத்தைக் காட்டினாள். முகத்தில் ஒரு கவலையும் வைத்துக்கொண்டாள்.

"என்ன? காத்துப் போட்டுதோ?"

வீரபாகு பதறிப் பிரேக்கை மிதித்தான். குதித்து இறங்கி ஓடி வந்து குனிந்து பார்த்தான். சக்கரத்தை ஒரு உதை உதைத்தும் பார்த்தான்.

"காத்து நல்லாத்தானே கிடக்கு?"

"காத்து நல்லாத்தான் கெடக்கு. சக்கரம் நின்னாத்தான் எனக்கு வாயி வரும் தம்பி. ஓடுற சக்கரத்தப் பாத்தாத் தலை சுத்துது."

அதற்குள் பழனியாண்டியும் மற்றவர்களும் பஸ்ஸின் பின் ஏணியால் கூரைக்குச் சாக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். வீரபாகு கூரையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், ராக்காயியைப் பார்த்தான்.

"சரி, நிண்டாச்சு. சொல்லுங்கோ அக்கா, எவ்வளவு நேரம் போய்?"

"ஒரு அரை நிரை இருக்கும்."

"நிரையோ? அதென்ன சாமான்?"

"தோட்டத்துல கொழுந்து பறிக்க ஆளுக்கொரு வரிசை குடுப்பாங்கல்ல, அதான் நிரை. இந்தக் கடைசியில தொடங்கி அந்தக் கடைசிக்குப் போறது ஒரு நிரை. வெரசாப் பறிக்கிறவளுக்கு ஒரு நேரம், தங்கம்மா மாதிரி கதை பேசிப் பறிக்கிறவளுக்கு ஒரு நேரம். இப்போ நான் சொல்றது என் நிரை. என் நிரைல பாதி..."

"அக்கா, உங்களைக் கும்பிட்டன், வெத்திலை போட்டு முடியிற நேரமோ, சோறு வடிக்கிற நேரமோ?"

"வெத்தலை... எந்த வெத்தலை? சின்ன வெத்தலையா, முழு வெத்தலையா?"

கூரையிலிருந்து பழனியாண்டி "ஏத்தியாச்சு!" என்று குரல் கொடுத்தான். ராக்காயி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள்.

"வெத்தலைய வாயில போட்டு மொதத் துப்பல் துப்புற நேரம். மிதிங்க தம்பி, தர்மபுரத்துல புடிச்சிரலாம்."

தர்மபுரத்தில் பிடித்தும்விட்டார்கள். அன்று வீரபாகு ஒரு பாடம் படித்தான்: அந்த அக்கா சொல்லுகிற கணக்கு விசித்திரமானது, ஆனால் பிழையாகாது. மறுநாளிலிருந்து தானாகவே நின்றான். சில நாளில் அந்தோனிமுத்துவும் மோப்பம் பிடித்துவிட்டான்.

"அக்கா, நீலம் எங்கை நிக்குது?" என்று மஞ்சள் பஸ்ஸை நிறுத்தி அவன் கேட்பான். சில நாள் ஒரு கொத்துக் கருவாட்டையும் நீட்டுவான்.

"கருவாட்டுக்குச் சொல்ல மாட்டேன். சக்கரத்துக்குத்தான் சொல்லுவேன்" என்பாள் ராக்காயி. கருவாட்டையும் வாங்கிக்கொள்வாள்.

"யக்கா, ரெண்டு பேருக்கும் பொய் சொல்லேன். மஞ்ச இப்பத்தான் போச்சுன்னா நீலக்காரரு இன்னும் அவசரமா வருவாரு, நம்மளும் சந்தைக்கு வெரசாப் போயிரலாம்" என்றாள் தங்கம்மா.

"அவசரப்பட்டா நம்ம சாக்க எப்புடி ஏத்துறது? ஒருநாள் பொய் சொன்னா மறுநாள் கேக்க நிக்க மாட்டாங்க. பொய்யில்லாத வாய்க்குத்தான் சக்கரம் நிக்கும்."

இப்படியே இரண்டு வருடம் போனது. ரோட்டில் ஓடிய சாரதிகள் எல்லோரும் நிரைக் கணக்குப் படித்துவிட்டார்கள். புதுக்குடியிருப்பில் ஒருவன் மற்றவனிடம், "கால் நிரைதான் மச்சான் முன்னுக்கு நிக்கிறன்" என்று சொன்னதைப் பழனியாண்டி காதால் கேட்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தேயிலையைக் கண்ணால் கண்டிராதவர்கள்! ராக்காயியின் தலை அந்த இரண்டு வருடமும் எதையும் சுமக்கவில்லை.

*

ஆனால் போட்டியில் முளைத்த தரிப்பிடம் போட்டியோடே போய்விடும் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை.

ஒரு பங்குனி மாதத்தில் நீலமும் மஞ்சளும் புதுக்குடியிருப்புச் சந்தியில் உரசி, இரண்டுக்கும் கண்ணாடி நொறுங்கியது. அந்தோனிமுத்துவின் மனைவி யூலிற்றா சந்தியிலேயே நின்று இரண்டு ஆண்களையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"உங்கடை வீரத்தைக் கடலிலை காட்டுங்கோ, ரோட்டிலை வேண்டாம்! அங்கை பிள்ளையளை ஏத்திக்கொண்டெல்லோ ஓடுறியள்!"

அவள் சொன்னது நியாயம். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இனி முறை வைத்து ஓடுவது என்று முடிவானது. நீலம் ஒரு முறை, மஞ்சள் ஒரு முறை. கிளிநொச்சிக்கு நேரம் பிந்திப் போனவனுக்குத் திரும்பும் முறை இல்லை. முன்னுக்கு யார் போனது என்று இனி ஒருவனும் கேட்கத் தேவையில்லை. சாக்கு ஏற்றப் பிந்தவும் இயலாது.

மறுநாள் நீல பஸ் பாலைமரத்தடியில் வேகம் குறையவில்லை. வீரபாகு சிரித்த முகத்தோடு கையை மட்டும் அசைத்தான்.

"அக்கா, இப்ப நாங்கள் ஒற்றுமை!"

அதற்குப் பின்னால் மஞ்சளும் பறந்தது. ஏற்ற வந்த சாக்குகளை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவங்க சண்டை போட்டப்ப நம்ம நல்லா இருந்தோம். ஒத்துமையானாங்க, நம்ம பாடு போச்சு" என்றான் பழனியாண்டி.

ராக்காயி அன்று மாலையில் குடியேற்றத்துப் பெண்களைக் கிணற்றடியில் கூட்டினாள்.

"ரெண்டு பேரு ஒத்துமையானா மூணாவது ஆளத் தேடணும். இன்னும் செவப்பு பஸ்ஸு இருக்கு. நாளையிலேருந்து நம்ம ஒருத்தரும் மினி பஸ்ஸுல கால் வைக்கிறதில்ல. போறதும் செவப்பு, வாறதும் செவப்பு."

"அது இங்க நிக்காதே யக்கா? தர்மபுரம் வரைக்கும் எப்புடிப் போறது?"

ராக்காயி கொட்டிலுக்குள் போனாள். வரும்போது கையில் கயிறு இருந்தது. சாக்கைச் சுற்றிக் கட்டி, கயிற்றின் வளைவைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தாள். அந்தப் பழைய தடத்தில் கயிறு தானாகப் போய்ப் படிந்தது.

பழனியாண்டி பதறிவிட்டான். "புள்ள, சொமக்க மாட்டேன்னு சொன்னியே?"

"யாருக்கும் சொமக்க மாட்டேன்னேன். இது எனக்கு."

மறுநாள் விடியும்போது ரோட்டில் வந்தவர்கள் அதுவரை காணாத காட்சி ஒன்றைக் கண்டார்கள். ரோட்டோரமாக, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, முதுகில் சாக்கும் தலையில் கயிறுமாக, மலையில் மடுவத்துக்குப் போவது போலப் பெண்கள் வரிசையாகத் தர்மபுரத்தை நோக்கி நடந்தார்கள். நீல பஸ் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. பாதிக் கதிரை வெறுமையாயிருந்தது.

"அக்கா, என்ன கோலம் இது? ஏறுங்கோ!"

ராக்காயி திரும்பவில்லை. வரிசையும் திரும்பவில்லை.

"அக்கா, இண்டைக்கு மட்டும் நிப்பாட்டுறன், ஏறுங்கோவன்!"

"இன்னைக்கு நிப்பீங்க. நாளைக்கு?" என்றாள் ராக்காயி ரோட்டைப் பார்த்தபடியே. "ஒங்க சண்டை எத்தன நாளைக்கு, ஒங்க ஒத்துமை எத்தன நாளைக்குன்னு எங்களுக்குத் தெரியாது தம்பி. ரெண்டையும் நம்பி மரத்தடியில நிக்க முடியாது. போங்க, முறை பிந்திரும்."

வெயிலிலும் நடந்தார்கள், மழையிலும் நடந்தார்கள். திரும்பி வரும்போதும் தர்மபுரத்தில் இறங்கி, வெறும் சாக்கோடும் சாமான்களோடும் நடந்தார்கள். தங்கம்மாவின் கழுத்து வீங்கியது. சிலர் முணுமுணுத்தார்கள், ஒரு நாள் இரண்டு பேர் மஞ்சள் பஸ்ஸில் ஏறியும் போனார்கள். ராக்காயி அவர்களை ஏசவில்லை. மறுநாள் அவர்களுடைய சாக்கில் பாதியைத் தன் சாக்கில் போட்டுக் கட்டினாள். அதற்குப் பிறகு ஒருவரும் ஏறவில்லை.

சிவப்பு பஸ்ஸோ தர்மபுரத்தில் ஏறிய சனத்தால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு போனது. மினி பஸ்கள் வந்த நாளிலிருந்து காற்றாடிக்கொண்டு ஓடிய பஸ் அது. இது என்ன புதினம் என்று பார்க்க டிப்போவிலிருந்து ஒரு பரிசோதகர் ஏறினார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் பென்சில். மரக்கறிச் சாக்குகளுக்கு நடுவில் அவருக்கும் ஒற்றைக் காலுக்குத்தான் இடம் கிடைத்தது.

"எங்கையிருந்து இவ்வளவு சனம்?"

அல்பேர்ட் ராக்காயியைக் கண்ணால் காட்டினான். ராக்காயி எழுந்து நின்றாள். தனக்கு இடம் கொடுக்க யாருமில்லாத முதல் நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. இன்று அந்தப் பஸ்ஸில் முக்கால்வாசி அவளுடைய ஆட்கள்.

"நாங்க குடியேத்தத்துக்காரங்க ஐயா. செவப்பு பஸ்ஸுக்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்து வாறோம். மினி பஸ்காரங்க நித்தமும் கூப்புடுறாங்க, நாங்க போகல. பாலைமரத்தடியில ஒரு போர்டு நட்டு, பஸ்ஸ நிறுத்துங்க. நாங்க ஒங்க ஆளு. நடலைன்னா நாளைக்கே அவங்க ஆளு."

 பரிசோதகர் பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார்.

"எழுதி அனுப்பலாம். அந்த இடத்துக்குப் பேர் என்ன?"

அங்கேதான் சிக்கியது. குடியேற்றத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட பெயர் இல்லை. ஒருவர் தாங்கள் விட்டுவந்த தோட்டத்துப் பெயரைச் சொன்னார். இன்னொருவர் மாரியம்மன் பெயரைச் சொன்னார். மூன்றாவது ஆள், "முப்பது வீட்டுத்திட்டம்" என்றார். வீடு முப்பதுக்கு எப்போதோ மேலே போய்விட்டிருந்தது. கையை உயர்த்தி வாய்ச் சண்டை தொடங்கியது. பரிசோதகர் புத்தகத்தை மூடப் போனார்.

"இறக்கம், சேர்!" என்று மிதிபலகையிலிருந்து ஒரு குரல். அல்பேர்ட். "ரோட்டிலை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. இறக்கம் எண்டால் அந்த இடம்தான்."

பரிசோதகர் முகத்தைச் சுளித்தார். "இறக்கமோ? அங்கை ஒரு பள்ளமும் இல்லையே, ஐசே?"

அல்பேர்ட் ராக்காயியைப் பார்த்தான். இந்த முறை அவன் கண்ணில் பகிடி இல்லை. பெயரிட்டவன் அவன், ஏற்பதும் மறுப்பதும் அவள் பாடு. தங்கம்மா ராக்காயியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் யக்கா, அது நம்மளக் கேலி பண்ண வச்ச பேரு."

"எறக்கமும் இல்ல, ஏத்தமும் இல்லைங்க. சமதரைதான்" என்றாள் ராக்காயி. "அந்தப் பேரையே எழுதுங்க ஐயா. அதுதான் எல்லா வாய்க்கும் தெரியும்."

பஸ் மறுபடியும் குலுங்கிச் சிரித்தது. இந்தத் தடவை எதற்கென்று ராக்காயிக்குத் தெரிந்திருந்தது.

*

போர்டு வர மாரிகாலம் கழிந்தது. அதுவரை அவர்கள் நடந்தார்கள். வந்தது ஒரு இரும்புக் குழாயும் தகரமும்தான். 'இறக்கம்' என்று வெள்ளை எழுத்து. பழனியாண்டி குழி தோண்டி நட்டான். முதல் நாள் சிவப்பு பஸ் வந்து நின்றபோது அல்பேர்ட் மணியை ஒரு தரம் இழுத்துவிட்டு, இறங்கி நின்று சாக்குக்குக் கை கொடுத்தான். ராக்காயி தன் கயிற்றைச் சுருட்டி, ஆடு கட்டத் தங்கம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

நீலமும் மஞ்சளும் ஒரு வாரம் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே போயின. பிறகு ஒரு காலை நீல பஸ், முறைக்கு முந்தியே வந்து, போர்டுக்கு நேரே சக்கரம் அசையாமல் நின்றது.

"அக்கா," என்றான் வீரபாகு, குரலைத் தாழ்த்தி. "சீரீபி போட்டானோ?"

"அரை நிரை தம்பி."

ஒற்றுமை அத்தோடு சரி. கண்ணாடி நொறுங்குகிற அளவுக்கு அவர்கள் பிறகு ஓடவில்லை. யூலிற்றாவுக்கு இரண்டு பேருமே பயம்.

பின்னால் வந்த ஆண்டுகளில் யுத்தம் வந்து ரோட்டே சீர்கெட்டுப் போனது. எண்பத்து நான்கு, ஐந்துக்குப் பிறகு பாதை திறந்த நாளும் மூடிய நாளும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. சிவப்பு பஸ்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சில எரிந்தன, சில உதிரிப்பாகம் இல்லாமல் டிப்போவிலேயே புல் முளைத்துக் கிடந்தன. ஒரு காலம் உழவு மெசின் பெட்டியில் சனம் போனது. விற்றுப்போன அந்தோனிமுத்துவின் தட்டி வான் எங்கிருந்தோ திரும்பி வந்து மறுபடி ஓடியது. இந்திய இராணுவம் வந்த ஆண்டில் போர்டும் போய்விட்டது; யாரோ குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பங்கருக்கோ கொட்டிலுக்கோ, தெரியாது. பழனியாண்டி வேறு போர்டு எழுதப் போனபோது ராக்காயி தடுத்தாள்.

"வேணாங்க. போர்டு இல்லாமலும் பஸ்ஸு நிக்குதான்னு பாப்போம்."

எண்பத்தொன்பதில் ஒரு பின்னேரம். கிளிநொச்சியிலிருந்து வந்த மினி பஸ்ஸில் சாரதியும் புதிது, நடத்துநரும் புதிது. ராக்காயிக்கு நடுக் கதிரையில் இடம் கிடைத்திருந்தது. கூரையில் அவளுடைய உரச் சாக்கு. தர்மபுரம் கழிந்ததும் நடத்துநர் உள்ளே தலையை நீட்டினான்.

"இறக்கம், இறக்கம் இருக்கோ?"

பக்கத்தில் இருந்த வெளியூர் மனிதர் சிரித்தார். "என்ன தம்பி, திக்குவாயோ? ஒருக்காச் சொன்னாக் காணாதோ?"

"ஐயா, முன்னதுதான் ஊர்ப் பேர். அந்த ஊரிலை இறக்கம் இருக்கோ எண்டு கேக்கிறன்."

"இருக்கு!" என்றாள் ராக்காயி.

பஸ் போர்டில்லாத பாலைமரத்தடியில் நின்றது. நடத்துநர் கூரையில் ஏறி உரச் சாக்கை இறக்கினான். ஒழுங்கை வாயில் பழனியாண்டி சைக்கிளோடு நின்றான். அவனும் ஒரு சைக்கிள் வாங்கியிருந்தான். சாக்கைக் கரியரில் வைத்துக் கட்டினார்கள். அவன் உருட்ட, ராக்காயி பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்தாள்.